சோறு போடாத எண்

பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கப் போகிறேன் என்கிறாள். ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் மகனோ, "மெக்கட்ரானிக்ஸ் எடு. செம்பரம்பாக்கத்திலிருந்தே கம்பெனி பஸ்ஸில் போய் வரலாம்" என்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு முற்றியது ஓர் எண்ணால். "அப்பா, 2147483647 பகா எண், தெரியுமா?" என்றாள். "எங்கள் மெஷின் கவுண்ட்டர் அதற்கு மேல் போகாது. எனக்கு அது தெரிந்தால் போதும்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். பிளஸ், மைனஸ் குறியோடு 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுவே.

முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் அந்த எண் வரும். அது பகா எண் என்று 1772ல் ஆய்லர் காட்டினார். சாதாரணமாகச் சோதித்தால் 46,340 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் ஒரு வழி கண்டார். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரும். அப்படிப்பட்டவை நூறுகூட இல்லை.

சின்ன உதாரணம் சொல்கிறேன். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 2047. அது 23 × 89. இரண்டையும் 11ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1தான். தற்செயல் அல்ல, விதி.

இந்த வகையில் இதற்கு மேல் யாரும் தேடப் போவதில்லை, வேடிக்கையே தவிர உபயோகமில்லை என்று 1811ல் பீட்டர் பார்லோ எழுதினார். 2024 அக்டோபரில் இதே வகையில் 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல் உள்ள பகா எண் கிடைத்தது. உபயோகமும் வந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மகா கடினம். 1977ல் இதை வைத்தே ரகசியப் பூட்டு ஒன்று செய்தார்கள்.

நம் ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. எந்த எண்ணையும் பகா எண்ணா என்று ஐயமின்றிச் சொல்லும், இலக்கம் கூடினாலும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாத ஒரு முறையை 2002ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்த பையன்கள்.

மகனின் கவலை நியாயமானது. வேலை வேண்டும்தான். ஆனால் அவன் பத்தாவது படிக்கும்போது இப்படி ஏதோ கணக்கைக் கொண்டுவந்து காட்டினான். "இது சோறு போடுமா?" என்று கேட்டேன். அதன் பிறகு அவன் எதையும் காட்டவில்லை.

என் கருத்து இதுதான்: பிரயோஜனம் என்ன என்று பிள்ளைகளிடம் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். பேத்தியின் விண்ணப்பக் கட்டணத்தை என் பென்ஷனிலிருந்து கட்டிவிட்டேன். மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.