பனிச்சறுக்கும் செவிச்செல்வமும்

பனி விழாத ஊரில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு நகைப்பை விளைவித்தல் கூடும். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பேதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. அங்கேயும் சறுக்கி விளையாடப் பனி இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நாம் அறிந்தவை வாடையும் கச்சானும், அலையும் மணலுமே. ஆயினும் எமது பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் குடியிருக்கின்றனர். நாம் இளமையிற் கடலில் நீந்தப் பழகியது போல, அவர்தம் மக்கள் பள்ளிப் பருவத்திலேயே பனியிற் சறுக்கப் பழகுகின்றனர். ஆதலால் அவர்களுடைய ஐயம் எமக்கும் உரிய ஐயமே.

சென்ற விடுமுறைக் காலத்தில், பழைய மாணவர் ஒருவர் சுவிற்சர்லாந்திலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். ஒரு நாட் காலை அவர்களுடன் நாம் நிலாவெளிக்குச் சென்றோம். கச்சான் காலம்; கடல் குளம் போற் கிடந்தது. பதினேழு வயதினனான மகன், நீர் புகாத காதுக்கருவிகளைச் செவியிற் செருகிப் பாட்டுக் கேட்டவாறே கரையை விட்டு விலகி நீந்தினான். அவ்வேளை புறாத்தீவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இயந்திரப் படகொன்று திரும்பி வந்தது. படகோட்டி கூவினார், கரையில் நின்ற நாமெல்லோருங் கூவினோம். நீந்தியவன் தலையைத் திருப்பவேயில்லை. படகோட்டி இயந்திரத்தை நிறுத்திப் படகை ஒருபுறம் வளைத்தமையால், இரண்டு பாக இடைவெளியில் ஆபத்து நீங்கிற்று. கரையேறிய மகன் தந்தையின் முகம் வெளுத்திருப்பதைக் கண்டு, "என்னப்பா நடந்தது?" என்று வினவினான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

அன்று மாலை அத் தந்தை எம்மிடம் வந்து, "சேர், இவன் பனிமலையிலும் இப்படித்தான். வேண்டாம் என்றால் என்னைப் பழைய காலத்து மனிதன் என்கிறான். நான் தடுப்பது சரியோ?" என்று கேட்டார். உடனே விடையிறுக்க எம்மால் இயலவில்லை. விழா மலரில் எழுதுவதாக வாக்களித்தோம். அவ் வாக்கை ஈண்டு நிறைவேற்றுகின்றோம்.

முதற்கண் இளைஞன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்தல் முறை. நாம் இசைக்குப் பகைவர் அல்லோம். இராமகிருஷ்ண மிஷன் வழிநின்று இக்கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானம் பயின்ற அறிவைக் கொண்டு பழந்தமிழ் இசையைக் கணித முறையால் ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றினார். அப்பெரியார் உலாவிய வளவில் நின்று, இசை வீண் என்று எவர்தாம் கூறத் துணிவர்?

உடலுழைப்புக்கு இசை துணை செய்யும் என்பதும் மெய்யே. இலண்டனில் உள்ள பிறூனல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோஸ்தாஸ் கராஜோர்கிஸ் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். மிதமான உழைப்பின்போது, இயக்கத்துக்கு இசைந்த தாளமுடைய பாட்டு களைப்புணர்ச்சியைக் குறைக்கின்றது என்பது இவ்வகை ஆராய்ச்சிகளின் முடிவு. உழைப்பு மிகக் கடுமையாகும்போது அந் நன்மை சுருங்கிவிடுகின்றது என்பதும் அவற்றுட் காணப்படுவதே. எதியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998 ஆம் ஆண்டு பேர்மிங்காம் நகரில் உள்ளரங்க 2,000 மீற்றர் ஓட்டத்தில் உலக சாதனை நிலைநாட்டியபோது, தாம் விரும்பிய பாட்டொன்றை அரங்கில் ஒலிக்கச் செய்து அதன் தாளத்துக்கு அடியெடுத்து வைத்தார். ஆனால் அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தது. அரங்கிலிருந்த அனைவரும் கேட்டனர். ஓடியவர் செவி அடைபடவில்லை.

இன்னொரு வரலாறும் இளைஞர்க்கு உவப்பளிக்கும். நடந்துகொண்டே தனித்துப் பாட்டுக் கேட்கும் கருவியை முதலிற் கருதியவர்களுள் ஒருவர் அந்திரியாஸ் பாவெல் என்பார். 1972 ஆம் ஆண்டு அவர் அதனைச் சோதித்துப் பார்த்த இடம் சுவிற்சர்லாந்தின் சென் மோரிட்ஸ் என்னும் பனிமலை ஊர். பனி பெய்யும் காட்டில் நடந்தவாறு பாட்டைக் கேட்டு அவர் பரவசமுற்றார். ஆகவே பனிக்கும் காதுக்கருவிக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று. சோனி நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் வாக்மன் கருவியை விற்பனைக்கு விட்டபோது, அதில் இருவர் ஒருங்கே கேட்பதற்கு இரண்டு துளைகளை அமைத்தது. அன்றியும், அழுத்தினாற் பாட்டைத் தாழ்த்திப் பக்கத்திலுள்ளவர் பேச்சைச் செவிக்குச் சேர்க்கும் பொத்தான் ஒன்றையும் வைத்தது. ஒருவன் தன் பாட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போவான் என்ற அச்சம், கருவியைச் செய்தவர்களுக்கே முதலில் இருந்தது! பின்வந்த கருவிகளில் அப்பொத்தான் மறைந்தது. அச்சம் மறைந்திருக்க வேண்டியதில்லை.

நிற்க. பனிமலையிற் செவிக்கு என்ன வேலை என்று பார்ப்போம். பனி ஊமையன்று. இறுகி உறைந்த பனியின்மேற் சறுக்குக்கட்டை சுரண்டும் ஒலி வேறு. புதுப்பனியை அது தழுவிச் செல்லும் ஒலி வேறு. முன்னே நிலம் வழுக்குமா, தாங்குமா என்பதைக் காலுக்கு முன்னரே செவி அறிந்துகொள்கின்றது. பின்னால் வருபவரின் கட்டை ஒலியும், வலப்புறம் ஒதுங்கு, இடப்புறம் ஒதுங்கு என்று அவர் இடுங் குரலும் செவிக்கே உரியவை. செப்பனிட்ட பாதையை விட்டு விலகி மலைச்சரிவிற் செல்வோர்க்கு இன்னொரு கேள்வியும் உண்டு. காலடியிலே பனிப்படலம் திடீரெனத் தாழ்ந்து, அடக்கமான ஓர் அதிரொலி எழுமாயின், உள்ளேயிருக்கும் வலுவற்ற அடுக்கு நொறுங்கிற்று என்பது பொருள். பனிச்சரிவு நேரலாம் என்பதற்கு அஃது ஓர் எச்சரிக்கை. அந்தக் கணத்திலே செவியிற் பறையும் கித்தாரும் முழங்கிக்கொண்டிருந்தால், மலை சொன்ன சொல் வீணாயிற்று.

சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் சறுக்குவோர் ஒழுகவேண்டிய பத்து விதிகளை வகுத்துள்ளது. பின்னால் வருபவரே முன்செல்பவருக்கு ஆபத்து நேராத வழியைத் தெரிந்து செல்லவேண்டும் என்பது அவற்றுள் மூன்றாவது. காதுக்கருவியைப் பற்றித் தனி விதி அப்பத்தினுள் இல்லை. இதனைக் காட்டி, "முன்னாற் போகும் நான் ஏன் கேட்கவேண்டும்? பின்னால் வருபவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று இளைஞர் வாதிப்பர். வாதம் கூர்மையானதே, ஆயினும் நிலைக்காது. மலைச்சரிவில் ஒவ்வொருவரும் ஒருவர்க்கு முன்னும் இன்னொருவர்க்குப் பின்னுமாகவே செல்கின்றனர். எனக்கு முன்னே விழுந்து கிடக்கும் குழந்தையின் குரலைக் கேட்கவேண்டியவன் நானே. மேலும், பொறுப்பு எவரது என்பது விபத்துக்குப் பின் ஆராயும் கேள்வி; காலெலும்பு முறியாதிருப்பது அதற்கு முந்திய கேள்வி.

வேகத்தையும் எண்ணுக. விரைந்து இறங்குவோன் செவியிற் காற்று இரைகின்றது. அவ்விரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்கவேண்டுமாயின் ஒலியை உயர்த்தவேண்டும். வளர்ந்தோர்க்கு 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பதே தீங்கற்ற அளவு என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கின்றது. ஒலி உயர உயர அக்கால அளவு விரைந்து குறையும். வெளியுலகை அடைக்கும் கருவி, நாளடைவில் உள்ளேயிருக்கும் செவியையும் கெடுத்துவிடக் கூடும்.

இனி நாம் கண்ட நிலாவெளி நிகழ்ச்சிக்கு மீள்வோம். கடலில் இவ்வபாயம் இன்னும் பெரிது. காற்றில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். கடல்நீரிலோ ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை, அஃது இரு செவிகளையும் அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு மூளை அறிகின்றது. காற்றிலேயே அவ்வேறுபாடு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு. நீருள் அது நாலிலொன்றுக்கும் தாழ்வதால், முக்குளிப்போனுக்குப் படகின் இரைச்சல் கேட்டாலும் திசை தெரிவதில்லை. தலையை நீருக்கு மேலே தூக்கி, திறந்த செவியாற் கேட்டுத்தான் திசையறிதல் வேண்டும். அந்த ஒரேயொரு வழியையும் பாட்டுக்கு ஈந்துவிட்டால், மீதி என்ன இருக்கின்றது? நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த முத்துறைப் போட்டிகளிற் காதுக்கருவி விலக்கப்பட்டிருத்தல் காரணமின்றியன்று.

"காது கேளாதோரும் சறுக்குகின்றார்களே!" என்று ஒரு மாணவர் எம்மை மடக்கினார். நல்ல வினா. காது கேளாதோர்க்கெனக் குளிர்கால விளையாட்டுப் போட்டி 1949 ஆம் ஆண்டிலேயே ஒஸ்திரியாவின் சீபெல்ட் நகரில் நடைபெற்றது. ஆனால் அவ்வீரர்கள் பல்லாண்டுப் பயிற்சியாற் கண்ணைச் செவியாகவும் ஆக்கிக்கொண்டவர்கள்; அடிக்கடி திரும்பி நோக்கும் பழக்கம் அவர்கள் உடலோடு கூடியது. ஐந்து நிமிடத்துக்கு முன் செவியை அடைத்துக்கொண்டவனுக்கு அப்பயிற்சி ஏது? அவர்கள் இழப்பை வென்றவர்கள். இவன் செல்வத்தை எறிந்தவன். திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்து, செவிவழி வருஞ் செல்வத்தைத் தலைசிறந்ததாக வைத்தமை இங்கு நினைக்கத் தக்கது.

எலும்பு வழியாக ஒலியைச் செலுத்திச் செவித்துளையைத் திறந்தே விடும் கருவிகளும், வெளியொலியை உள்ளே விடும் கருவிகளும் இப்பொழுது வந்துள்ளன. முன்னையவற்றினும் அவை நன்று என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? வீட்டுக்காரனும் உள்ளே இருக்கவேண்டும் அன்றோ? பாட்டின்மேற் சென்ற மனம் கூப்பிட்ட குரலுக்கு ஒரு கணம் பிந்தியே திரும்பும். சரிவிலே ஒரு கணம் பல மீற்றர் தூரமாகும்.

அப்படியாயின் உழைப்பும் விளையாட்டும் ஊமையாக நடைபெறவேண்டுமா என்று கேட்பர். இதற்கு விடை தேடி நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை. எமது கரைவலைக்காரரிடம் அவ்விடை இருக்கின்றது. தோணியிற் சென்று வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் கரையில் நின்று இழுப்பர். ஒரு புறம் முந்தினால் மற்றப்புறம் தளரும். மடியில் விழுந்த மீன் தப்பும். ஆகவே ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை வாங்கிப் பாடியவாறு அடிமேல் அடிவைத்துப் பின்னோக்கி நடப்பர். களைப்பைக் குறைக்கும் தாளம் அங்கே உண்டு. ஆனால் அப்பாட்டு எவர் செவியையும் அடைப்பதில்லை. பக்கத்தவன் மூச்சு வாங்குவது கேட்கும். அலையின் இரைச்சல் மாறுவது கேட்கும். "நிறுத்து" என்ற ஒரு சொல்லுக்கு நாற்பது கைகளும் நிற்கும். இப்பொழுது சில இடங்களில் உழவு இயந்திரத்தைக் கொண்டு கயிற்றை இழுக்கின்றனர்; அங்கே பாட்டும் ஓய்ந்துவிட்டது. எனினும் அம்பா கற்பித்த பாடம் ஓயவில்லை. மனிதரை ஒன்றுசேர்க்கும் இசை ஆபத்தான தொழிலுக்குத் துணை. மனிதனைத் தனிமைப்படுத்தும் இசை அத்தொழிலுக்கு இடையூறு. எமது முடிபு இதுவே.

ஆதலின் அத்தந்தைக்கு நாம் கூறும் விடை வருமாறு. மகனிடமிருந்து பாட்டைப் பறிக்கவேண்டாம். மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கேட்கட்டும்; உச்சியில் இளைப்பாறும்போது கேட்கட்டும்; மாலையில் அடுப்பருகே தோழரோடு உரக்கப் பாடவுஞ் செய்யட்டும். சறுக்கத் தொடங்குமுன் கருவியைச் சட்டைப் பையில் இடட்டும். சரிவு முடிந்து நின்ற பின் மீண்டும் எடுக்கட்டும். கடலிலும் அவ்வாறே: மணலில் இருக்கும்வரை பாட்டு, நீரிலே கால் நனைந்தால் செவி கடலுக்கும் கரைக்கும் உரியது. தண்டவாளத்தின் அருகிலும் தெருவிலும் மிதிவண்டியிலும் எமது மாணவர்கள் இவ்விதியையே கைக்கொள்ள வேண்டுகின்றோம். பனிமலைக்குப் போகாத அவர்களுக்கும் இது பொருந்தும்.

இவ்வாறு விதிப்பதைக் காட்டிலும் ஒன்று முக்கியமானது. அன்று நிலாவெளியில் நாம் கூவியபோது எம் நெஞ்சை வருத்தியது, அவன் கீழ்ப்படியவில்லை என்பதன்று. எங்கள் குரல் அவனை எட்டவில்லை என்பதே. பெற்றோரும் ஆசிரியரும் இளைஞர்க்குத் தரக்கூடியது பெரும்பாலும் குரல் ஒன்றே. அக்குரல் எப்பொழுதும் அறிவுடையதாயிருக்கும் என்று நாம் பெருமை பேசவில்லை. ஆயினும் படகு வரும் வேளையில் அஃது எட்டவேண்டும். அம்மட்டுக்காவது செவிகள் திறந்திருக்குமாக.