நூறு மீட்டர் விதி: எங்கள் நிலைப்பாடு

பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றிக் கட்டடம் கட்டத் தடை விதிக்கும், தொல்லியல் சட்டத்தின் நூறு மீட்டர் விதியைத் திருத்தும் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. சங்கம் எந்தப் பக்கம் என்று விதியே கூடாது என்பவர்களும் கேட்கிறார்கள், விதியில் கைவைக்கக் கூடாது என்பவர்களும் கேட்கிறார்கள். மாமல்லபுரம் குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழு நெடுநேரம் வாதாடிப் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்ட முடிவு இது. மாறுபட்டவர்களின் கருத்து மினிட் புத்தகத்தில் பதிவாகியுள்ளது. விதியின் பழைய வரலாறு உறுப்பினர்கள் அறிந்ததே. அதை இங்கே விரிக்கவில்லை.

பாதுகாப்பு வேண்டும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் அர்ச்சுனன் தபசும் 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இந்த ஊரின் பிழைப்பே அவற்றை நம்பித்தான் நடக்கிறது. இந்த நூறு மீட்டரைத் தடைப் பகுதியாக்கிய 1992 ஜூன் 16 அறிவிக்கை வராமல் போயிருந்தால் வெண்ணெய் உருண்டைப் பாறையை ஒட்டி விடுதிகள் எழுந்திருக்கும் என்பதில் குழுவில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே விதியை அடியோடு நீக்கும் கோரிக்கையைச் சங்கம், இன்றைய நிலையில், ஆதரிக்கவில்லை.

ஆனால் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுதிக்கும் வீட்டுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் நூறு மீட்டர் தடைப் பகுதி. இந்த அளவு சிற்பத்திலிருந்து அல்ல, எல்லைக் கோட்டிலிருந்து தொடங்குகிறது. சின்னங்கள் நெருங்கி நிற்கும் நம் ஊரில் ஒரு வட்டம் முடியுமுன் அடுத்த வட்டம் தொடங்கிவிடுகிறது. தடைப் பகுதியில் 1992-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். மறுகட்டுமானம் பழுதுபார்ப்பில் சேராது என்று சட்டமே வரையறுத்துவிட்டது. மழையில் சுவரோடு சரிந்த வீட்டை அதே இடத்தில், அதே அளவில், அதே உயரத்தில் எழுப்புவதற்கும் வழியில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது. பிள்ளைகள் பூஞ்சேரிக்கும் தேவனேரிக்கும் வாடகைக்குப் போகிறார்கள்.

குழு ஒரே குரலில் பேசிய விஷயம் கழிப்பறை. இதில் எந்தச் சமரசமும் தேவைப்படவில்லை. 'கட்டுமானம்' என்ற சொல்லின் சட்ட வரையறையை உறுப்பினர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பொதுக் கழிப்பறையும் சிறுநீர்க் கழிப்பிடமும் கட்டுவது கட்டுமானமே அல்ல என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். அரசு அதைத் தடைப் பகுதியிலும் கட்டலாம். அதே பகுதியில் ஒரு பெண் தன் வீட்டுக் கொல்லையில் நான்கு சுவர் எழுப்பி ஒரு கழிப்பறை சேர்த்தால் அது பக்கவாட்டு விரிவாக்கம், அதாவது கட்டுமானம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டச் சொல்லித் தூய்மை இந்தியா திட்டம் மானியம் தருகிறது. மானியம் தரும் அதே அரசின் இன்னொரு சட்டம் கட்டினால் குற்றம் என்கிறது. கர்ப்பிணியும் மூட்டு தேய்ந்த கிழவியும் நள்ளிரவில் தெருக்கோடிக்கு நடக்க வேண்டும் என்பதுதான் நாட்டின் முடிவா? எந்தப் பல்லவர் சிற்பத்தை இது காப்பாற்றுகிறது? ஆறடிக்கு நாலடி கழிப்பறையால் எந்தக் கோபுரத்தின் காட்சி மறைகிறது? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

குழுவைக் கொதிக்க வைத்தது இன்னொன்று. 2018 தொடக்கத்தில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா தடைப் பகுதியில் தளர்வு கேட்டது. யாருக்கு? மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு! மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்கும் விதி வளைய வேண்டும் என்று தோன்றியவர்களுக்கு ஒத்தவாடைத் தெருவின் ஓட்டு வீடுகள் கண்ணில் படவில்லை. அந்த வடிவில் மசோதா மீண்டும் வந்தால் சங்கம் எதிர்க்கும்.

நாங்கள் கேட்பது புதிதல்ல. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக மரபுத் துணைவிதிகளை, இன்டாக் போன்ற வல்லுநர் அமைப்புகளைக் கலந்து எழுத வேண்டும் என்று அதே 2010 சட்டம் கட்டளையிடுகிறது. நாட்டின் பெரும்பாலான சின்னங்களுக்கு அந்த வேலை முடியவில்லை. துணைவிதி எழுதும்போது திருக்குளத் தெருவுக்கும் ராஜ வீதிகளுக்கும் நேரில் வந்து, வீடு வீடாகப் பார்த்து, தமிழில் வரைவை வெளியிட்டு எழுதட்டும். 1992-க்கு முன் இருந்த வீடுகளில் கழிப்பறை, குளியலறை சேர்ப்பதையும் இடிந்த வீட்டைப் பழைய அளவில் எழுப்புவதையும் உள்ளூரிலேயே முடிவு செய்யட்டும். ஒரு கழிவறைச் சுவருக்கு டெல்லியில் உள்ள தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரைக்குக் காத்திருக்க முடியாது. சட்டத் திருத்தம் தேவையென்றால் இதற்காகத் திருத்தட்டும்.

உயரம் பற்றி: தரைத்தளமும் ஒரு மாடியும் போதும் என்பது பெரும்பான்மைக் கருத்து. இரண்டு மாடி கேட்ட உறுப்பினர்களின் வாதம் அடுத்த பொதுக்குழுவுக்கு விடப்படுகிறது. வீடென்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்துவோருக்குச் சங்கம் துணை நிற்காது. அவர்கள் உறுப்பினர்களாக இருந்தாலும் சரி. சிற்பக் கூடங்களின் கொட்டகைகளுக்கும் வீடுகளுக்குக் கேட்கும் அதே அணுகுமுறை பொருந்தலாம். கடலோர ஒழுங்குமுறை விதியும் சேர்ந்து அழுத்தும் மீனவர் குடியிருப்பு பற்றி, அந்த மக்களைக் கலந்த பிறகே பேசுவோம். தடைப் பகுதிக்கு அப்பால் உள்ள இருநூறு மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி குறித்து இப்போதைக்குக் கருத்து இல்லை.

தடைப் பகுதியில் வீடுள்ள உறுப்பினர்கள் 1992-க்கு முந்தைய வீட்டுவரி ரசீது, பத்திரம், மின் இணைப்பு அட்டை எதுவானாலும் நகலெடுத்துச் செயலாளரிடம் தாருங்கள். கழிப்பறை இல்லாத வீடுகள் முதலில் வரட்டும். இந்த நகல்களை இணைத்து, அனுமதி கேட்கும் எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நாளில் கொடுக்கப் போகிறோம்.

செயற்குழு