பணம் போய்ச் சேரும் கணக்கு

'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடைபெறும் மோசடிகளை நாடு முழுவதும் விசாரிக்கும் பொறுப்பை 2025 டிசம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் சிபிஐ வசம் ஒப்படைத்தது. ஹரியாணா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர், போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டி மிரட்டப்பட்டு ரூ.1 கோடிக்கும் மேல் பறிகொடுத்து எழுதிய கடிதமே இந்த வழக்கின் தொடக்கம். தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்த நீதிமன்றம், மோசடியாளர்களைப் பிடிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. மோசடிப் பணம் வந்து சேரும் கணக்குகள் எப்படித் திறக்கப்பட்டன, அதில் வங்கி அலுவலர்களுக்குப் பங்குண்டா என்பதையும் விசாரிக்கச் சொன்னது. அத்தகைய கணக்குகளைக் கண்டறிய செயற்கை நுண்ணறிவை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியிடம் கேட்டது. ஆணையின் முதல் பகுதிக்குக் கிடைத்த கவனம் இரண்டாம் பகுதிக்குக் கிடைக்கவில்லை. உண்மையில், நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் பகுதியைத்தான்.

பிரச்னையின் அளவை முதலில் பார்ப்போம். இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் 2023-ஆம் ஆண்டில் இழந்த தொகை ரூ.7,465 கோடி. 2024-இல் அது ரூ.22,845 கோடியாக உயர்ந்தது என்று நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மும்மடங்கு! மறுபுறம், 2021-இல் தொடங்கப்பட்ட புகார் ஏற்பாட்டின் மூலம் (இன்றைய 1930 உதவி எண்) மோசடியாளர்களின் கைக்குப் போகாமல் காப்பாற்றப்பட்ட மொத்தத் தொகை 2025-ஆம் ஆண்டின் நடுவில் ஏறத்தாழ ரூ.5,489 கோடி. நான்கு ஆண்டுகளில் காப்பாற்றியது, ஒரே ஆண்டில் இழந்ததில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இதற்கு நாம் கண்ட முதன்மையான மருந்து விழிப்புணர்வு. கைப்பேசியில் யாரை அழைத்தாலும் எச்சரிக்கைக் குரல் ஒலித்த காலம் நினைவிருக்கும். டிஜிட்டல் கைது என்ற ஒன்று சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபரில் வானொலி உரையில் விளக்கினார். இவையெல்லாம் தேவைதான். ஆனால், அதே 2024-இல் லூதியாணாவைச் சேர்ந்த 82 வயது ஜவுளித் தொழிலதிபர் ஒருவர் ரூ.7 கோடியை இழந்தார். காணொலியில் அவருக்குக் காட்டப்பட்டது போலியான ஓர் உச்சநீதிமன்ற விசாரணை. பெரும் தொழில் குழுமத்தையே நடத்தியவர் அவர். பேராசையால் ஏமாந்தார் என்றோ, படிப்பறிவில்லாமல் ஏமாந்தார் என்றோ அவரைச் சொல்ல முடியாது. அச்சமும் தனிமையும் அதிகாரத்தின் மீதான மரியாதையும் சேர்ந்து ஒரு மனிதரைச் சில மணி நேரம் சிந்திக்கவிடாமல் செய்கின்றன. அந்தச் சில மணி நேரத்தை வெல்லும் வலிமை எந்த விளம்பரத்துக்கும் இல்லை.

அடுத்த மருந்து, காவல்துறை விசாரணை. இங்கே காவல்துறையைக் குறை கூறுவது எளிது. ஆனால், அவர்கள் ஓடும் பந்தயத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் கணக்கிலிருந்து வெளியேறும் பணம், சில நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்கும், அங்கிருந்து பல பத்துக் கணக்குகளுக்கும் பிரிகிறது. பிறகு ஏடிஎம் வழியாக ரொக்கமாகவோ, மெய்நிகர் நாணயமாகவோ மாறி மறைகிறது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐ மூலம் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. அந்த வெள்ளத்தில் திருட்டுப் பணமும் கலந்தே ஓடுகிறது.

விசாரணையின் வேகம் வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களைக் காவல் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய முடியும். அந்த ஆய்வாளர் ஐந்தாறு மாநிலங்களில் உள்ள வங்கிகளுக்கும், தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும், வெளிநாட்டுச் செயலி நிறுவனங்களுக்கும் எழுத வேண்டும். கிடைக்கும் மின்னணுப் பதிவு ஒவ்வொன்றுக்கும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கோரும் சான்றிதழைப் பெற வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சியம் நிற்பதே கடினம். இந்த முறைகள் குடிமக்களின் உரிமையைக் காப்பவை. அவற்றைத் தளர்த்தக் கூடாது. ஆனால், நிமிடங்களில் ஓடும் பணத்தை வாரங்களில் ஓடும் கடிதத்தால் பிடிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலும் கைதாகிறவர் யார்? கணக்குக்குச் சொந்தக்காரர். காவல்துறையினர் 'மியூல் கணக்கு' என்று குறிப்பிடும் வாடகைக் கணக்கு அது. சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் கணக்குப் புத்தகம், ஏடிஎம் அட்டை, சிம் அட்டை ஆகியவற்றைக் கைமாற்றிய கூலித் தொழிலாளியோ, வேலை தேடும் இளைஞரோதான் பெரும்பாலும் அகப்படுகிறார். மறுமுனையில் பேசியவர் கம்போடியாவிலோ மியான்மரிலோ இருக்கக்கூடும். அவரும்கூட வேலை என்று நம்பிச் சென்று, கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, அடைத்துவைக்கப்பட்டவராக இருக்கலாம். 2022-இல் மியான்மரின் மியாவாடி பகுதியிலிருந்து மீட்கப்பட்ட இந்தியர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச் மாதத்தில் விமானப் படை விமானங்கள் மூலம் 549 இந்தியர்கள் அங்கிருந்து அழைத்து வரப்பட்டார்கள். ஆக, நம் சட்டத்தின் கைக்கு எட்டுபவர்களில் பலர் இந்தத் தொழிலின் அடிமட்டத்தில் இருப்பவர்கள்; முதலாளிகள் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள்.

ஆனால், எத்தனை தூரத்தில் இருந்தாலும் முதலாளியால் தவிர்க்க முடியாத ஒரு தேவை இருக்கிறது. இந்திய ரூபாயைப் பெற்றுக்கொள்ள அவருக்கு இந்தியாவில், இந்திய வங்கி ஒன்றில், ஒரு கணக்கு வேண்டும். குரலை மாற்றலாம், எண்ணை மாற்றலாம், சீருடையையும் நீதிமன்றத்தையும் போலியாக உருவாக்கலாம். பணம் போய்ச் சேரும் கணக்கு மட்டும் உண்மையான கணக்காக இருந்தாக வேண்டும். இந்தச் சங்கிலியில் நம் கண் முன்னே, நம் சட்டத்துக்கு உட்பட்டு இருக்கும் கண்ணி அது ஒன்றே.

அதன் முக்கியத்துவத்தை உணர்த்த உலகறிந்த ஒரு வழக்கு போதும். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க்கில் அந்த வங்கி வைத்திருந்த இருப்பிலிருந்து 95 கோடி டாலருக்கும் மேல் மாற்றும்படி கட்டளைகளை அனுப்பினார்கள். பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. 2 கோடி டாலர் இலங்கைக்கும், 8.1 கோடி டாலர் பிலிப்பின்ஸுக்கும் சென்றது. இலங்கைக்கு வந்த தொகை, பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையாலும், ஒரு சிறிய அமைப்புக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று எழுந்த கேள்வியாலும் தடுக்கப்பட்டுத் திரும்பியது. மணிலாவிலோ, போலி அடையாளங்களுடன் பல மாதங்களுக்கு முன்பே திறக்கப்பட்டு உறங்கிக் கிடந்த கணக்குகளில் பணம் இறங்கியது. சூதாட்ட விடுதிகளுக்குள் சென்று மறைந்தது. கொள்ளையர்களும் ஒருவரே, வழிமுறையும் ஒன்றே. பெறும் முனையில் ஒருவர் கேள்வி கேட்டாரா இல்லையா என்பதே இரண்டுக்கும் இருந்த வேறுபாடு. பின்னர் பிலிப்பின்ஸ் மத்திய வங்கி அந்த வங்கிக்கு 100 கோடி பெசோ அபராதம் விதித்தது. கிளை மேலாளர் 2019-இல் தண்டிக்கப்பட்டார்.

அப்படியானால், பணத்தைப் பெறும் வங்கி ஏன் கேள்வி கேட்பதில்லை? பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் விடை எளிமையானது: கேட்காமல் இருப்பதால் அதற்கு இழப்பு எதுவும் இல்லை. கணக்குத் தொடங்கினால் கிளையின் இலக்கு நிறைவேறுகிறது. அந்தக் கணக்கு வழியாகப் பத்து லட்சம் களவு போனால், இழப்பு வேறோர் ஊரில் வேறொரு வங்கியின் வாடிக்கையாளருக்கு. ஆலைக் கழிவை ஆற்றில் விடும் முதலாளி, தன் செலவை ஆற்றோர ஊர்களின் தலையில் கட்டுவது போன்றதுதான் இதுவும். இதைப் பொருளியலில் புறவிளைவு என்போம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ராஸ் ஆண்டர்சன், கணினிப் பாதுகாப்பைப் பொருளியல் கண்கொண்டு பார்த்து 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏடிஎம் இயந்திரத்தில் தான் எடுக்காத பணம் குறைந்துவிட்டதாக வாடிக்கையாளர் முறையிட்டால், அமெரிக்காவில் வங்கிதான் தன் தரப்பை நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தச் சுமை அன்று வாடிக்கையாளர் மீது இருந்தது. விளைவு, பிரிட்டிஷ் வங்கிகள் அலட்சியமாக இருந்தன, மோசடிகள் பெருகின. அமெரிக்க வங்கிகள் பாதுகாப்புக்குக் குறைவாகவே செலவிட்டும் சிறப்பாகச் செயல்பட்டன. இழப்பு யார் தலையில் விழுகிறதோ, அவரே விழித்திருப்பார் என்பது இதன் பாடம்.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் பாதி நடைமுறையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் தொடர்பில்லாத மூன்றாம் தரப்பின் தவறால் அவரது அனுமதியின்றிப் பணம் போய், அவர் மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. ஆனால், மிரட்டலுக்கு அஞ்சி அவரே தன் கையால் அனுப்பிய பணம் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. இன்றைய பெரும் மோசடிகள் பலவும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

பிரிட்டன் இந்த இடைவெளியை அடைத்தது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும். அதை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஏற்க வேண்டும். வாடிக்கையாளரே மோசடிக்கு உடந்தை என்றாலோ, கடும் அலட்சியம் காட்டினார் என்றாலோ ஈடு கிடையாது. சிங்கப்பூர் அதே ஆண்டு டிசம்பரில், போலி இணையதளங்கள் வழியே கடவுச்சொல்லைக் களவாடும் மோசடிகளுக்கு மட்டும் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கடமை தவறியது வங்கியென்றால் வங்கியும், தொலைத்தொடர்பு நிறுவனம் என்றால் அந்த நிறுவனமும் இழப்பை ஏற்க வேண்டும்.

இதற்கு எதிரான வாதங்களும் உண்டு. இழந்த பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் மக்கள் கவனமின்றி இருப்பார்கள் என்பது ஒன்று. வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்து, நாள்கணக்கில் கேமரா முன்னால் அடைபட்டுக் கிடந்த ஒருவர், ஈட்டுத்தொகையை நம்பி அதற்கு உடன்பட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேவையென்றால் இழப்பில் ஒரு சிறு பங்கை அவரே ஏற்கும்படி விதி வகுக்கலாம்.

இரண்டாவது வாதம் கனமானது. இழப்புக்கு அஞ்சும் வங்கிகள் ஏழைகளுக்கும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் கணக்குத் தர மறுக்கக்கூடும். அனைவருக்கும் வங்கிக் கணக்கு என்ற நெடுநாள் முயற்சியை இது பின்னுக்கு இழுத்துவிடக் கூடாது. எனவே, கட்டுப்பாடு கணக்குத் திறப்பதில் இருக்க வேண்டியதில்லை. கணக்கின் நடத்தையில் இருந்தால் போதும். மாதம் சில ஆயிரம் புழங்கும் கணக்கில் திடீரென்று பல லட்சம் வந்து, அடுத்த நிமிடமே வெளியேற முயன்றால், அதைச் சில மணி நேரம் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது வங்கிக்குக் கடினமான வேலை அல்ல. இத்தகைய கணக்குகளை அடையாளம் காண ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே 'மியூல்ஹண்டர்' என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. கருவி இருக்கிறது, அதை முழு மனத்துடன் பயன்படுத்தும் கட்டாயம்தான் இல்லை.

இந்தக் கட்டாயம் இல்லாததால், நிரபராதிகள் மீது வேறொரு சுமை விழுகிறது. பணம் ஓடிய தடத்தில் உள்ள கணக்குகளைப் பின்னர் மொத்தமாக முடக்கும்போது, மோசடிப் பணத்தில் யாரோ வாங்கிய சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகச் சிறு வணிகரின் முழுக் கணக்கும் முடங்குகிறது. எங்கோ ஒரு மாநிலத்தின் காவல் நிலையத்துக்கு அவர் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. முடக்குவது சந்தேகத்துக்குரிய தொகையை மட்டுமே என்றும், அதற்கும் காலவரம்பு உண்டு என்றும் தெளிவான விதி வேண்டும். முதல் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தாததற்கு, கடைசி வாசலில் நிற்பவர் மாதக்கணக்கில் விலை கொடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய புதிர்கள் அல்ல. மிரட்டப்பட்டுத் தானே பணம் அனுப்பியவரையும் 2017 பாதுகாப்புக்குள் கொண்டுவந்து, இழப்பை இரு வங்கிகளும் பகிரச் செய்யலாம். முதியோர் தம் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் புதியவர் ஒருவருக்கு மாற்ற முற்பட்டால், ஒரு நாள் அவகாசமும், அவர் முன்பே பெயர் குறிப்பிட்ட நம்பிக்கைக்குரிய ஒருவருக்குத் தகவலும் தரலாம். வங்கி வாரியாக எத்தனை வாடகைக் கணக்குகள் கண்டறியப்பட்டன என்ற பட்டியலை ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடலாம். எந்த வங்கியின் வாசல் திறந்து கிடக்கிறது என்பது மக்களுக்குத் தெரியட்டும்.

குற்றவாளியைத் தேடும் பணியை சிபிஐ செய்யட்டும். அது நெடுங்காலம் எடுக்கும். வாடகைக் கணக்கின் இழப்பை வங்கியின் வரவு-செலவுக் கணக்கில் ஏற்றும் விதிக்கு அத்தனை காலம் தேவையில்லை. அது வராதவரை, நம் முதியவர்களிடம் 'கவனமாக இருங்கள்' என்று சொல்வதோடு நம் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். இழப்பும் அவர்களுடையதாகவே இருக்கும்.