மலாக்காவில் நம் ஊரைப் பார்த்தேன்

நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் வெளிப்பாளையத்திலும் இருக்கும் என் ஊர்ச் சொந்தங்களுக்கு,

பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்து இங்கேயே தங்கிவிட்ட நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவன் எழுதுகிறேன். போன மாதம் தொடர்ந்து சில நாள் விடுமுறை கிடைத்தது. நானும் என் நாகூர்ச் சிநேகிதனும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலாக்காவுக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் பேச்சு நம் ஊரில் போய் முடிந்தது. எங்கள் இருவரோடு நின்றுவிடக் கூடாத பேச்சு அது என்பதால் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

ஜொகூர் பாலத்தின் இரண்டு பக்கமும் குடிநுழைவுச் சாவடியில் இறங்கி ஏறி, சுமார் 240 கிலோமீட்டர் பேருந்தில் போனால் மலாக்கா. ஒரு பழைய கடைவீட்டில் தங்கினோம். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே போகும், நடுவில் வானம் பார்த்த முற்றம். அடுக்குக் கட்டில் போட்டு ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார்கள். முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்ததும், "எங்க உம்மா வீட்டு முத்தமும் இப்படித்தான்டா இருக்கும்" என்றான் சிநேகிதன்.

1400-ஐ ஒட்டி பரமேஸ்வரா என்ற இளவரசர் உண்டாக்கிய துறைமுகம் இது. நம் பக்கத்திலிருந்து போகும் கப்பலும் சீனத்திலிருந்து வரும் கப்பலும் காற்று திரும்பும்வரை காத்திருந்த இடம். வணிகர்களைக் கவனிக்க சுல்தான்கள் ஷாபந்தர் என்ற நான்கு துறைமுக அதிகாரிகளை வைத்திருந்தார்கள். குஜராத்திகளுக்குத் தனியாக ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்தவர்களுக்கு இன்னொருவர். இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று தோமே பிரெஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதி வைத்திருக்கிறார். நம் கரையில் நெய்த துணியையும் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

பிறகு நடந்தது நமக்கும் பழக்கமான கதை. மலாக்காவை 1511-இல் போர்ச்சுகீசியர் பிடித்தார்கள், 1641-இல் டச்சுக்காரர், 1824-இல் ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர். நம் ஊரிலும் போர்ச்சுகீசியருக்குப் பின் 1658-இல் டச்சுக்காரர், 1781-இல் ஆங்கிலேயர். ஒரே டச்சுக் கம்பெனிதான் இரண்டு ஊரையும் ஆண்டது. 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதும் அந்தக் கம்பெனிதான். மலாக்காவில் அவர்கள் 1753-இல் கட்டி முடித்த செந்நிறத் தேவாலயத்தின் முன் உலகமே நின்று படம் எடுக்கிறது. நம் ஊரிலும் அவர்கள் தேவாலயமும் கல்லறைகளும் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்?

குன்றின் அடிவாரத்தில் போர்ச்சுகீசியக் கோட்டையின் வாசல் ஒன்று நிற்கிறது. கோட்டையில் மிச்சம் அவ்வளவுதான். 1824 ஒப்பந்தத்துக்கு முன்பே சில காலம் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது; அப்போது, 1807-இல், வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தார்கள். உடல்நலம் தேற மலாக்காவுக்கு வந்திருந்த ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாசல் தப்பியது என்கிறது வரலாறு. கம்பெனி அதிகாரி ஒருவர் வேண்டாம் என்றார். ஒரு வாசல் பிழைத்தது.

நம் ஊரில் அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகையில் எழுப்பியது சூடாமணி விகாரம். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. இந்த மலாய் மண்ணிலிருந்து வந்தவர்கள் நம் கரையில் கட்டிய பௌத்தப் பள்ளி அது. நம் ஊரில் பாழடைந்து நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தை அதன் மிச்சம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். கடலில் வருகிற கப்பலுக்கு அது நெடுங்காலம் அடையாளமாக இருந்தது. 1867-இல் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். நம் மண்ணில் கிடைத்த 350-க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகளில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நம் பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

பொற்கொல்லர் தெருவுக்குப் போனோம். ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. 1781-இல் டச்சு அரசு தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது. சில எட்டு நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல்; 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. மூன்றடுக்குக் கூம்புக் கூரை, சீனக் கோபுரம் போன்ற மினாரா. இன்னும் கொஞ்சம் தள்ளி 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில். சிநேகிதன் தொழுதுவிட்டு வரும்வரை நான் விநாயகர் சந்நிதியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவன் சொன்னான்: "இதை ஒற்றுமைத் தெருன்னு பலகை போட்டுக் காட்டுறாங்க. நம்ம நாகூர் தர்காவோட பெரிய மனாராவைக் கட்டினது தஞ்சாவூர் ராஜா பிரதாப் சிங். அதை நாம யாருக்குக் காட்டினோம்?" என்னிடம் பதில் இல்லை.

காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கிராமம் இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் நம் கரையிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே பெண் எடுத்துத் தங்கிய வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா, கும்பிடுவது முத்துமாரியம்மனை. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். அதை 'பார்ச்சு' என்கிறார்கள். தமிழ் போய்ப் பல தலைமுறை ஆகியும் படையல் போகவில்லை.

எல்லாம் அங்கே ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2008-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. அதற்கு முன்பே பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியிருந்தது. வாடகை ஏற ஏற, பல தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். இன்று ஜோங்கர் தெருவில் வீட்டுக்கு வீடு கடை, விடுதி, செண்டோல். பொம்மை ஜோடித்த ரிக்‌ஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓடுகின்றன. கடலைத் தூர்த்துக்கொண்டே போனதில் பழைய கரை ஊருக்குள் வந்துவிட்டது. சுவரைக் காப்பாற்றினார்கள், அதற்குள் வாழ்ந்தவர்களைத் தக்கவைக்க முடியவில்லை.

நம் நிலைமை நேர் எதிர். டச்சுக் கோட்டை போனது, கோபுரம் போனது. 2004 சுனாமியில் கடல் எத்தனையோ வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. ஆனால் தெருவில் இன்னும் அதே குடும்பங்கள் இருக்கின்றன. சொல்ல ஆள் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. என் தாத்தா நாகையில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். அவரைப் போல எத்தனை பேர்! அவர்களின் பயணச்சீட்டும் கடிதமும் டிரங்குப் பெட்டியும் எத்தனை பரணில் கிடக்கின்றன!

அதனால் சில வேண்டுகோள்கள். வீடு ஒழிக்கும்போது பழைய காகிதத்தைக் கடையில் போட்டுவிடாதீர்கள். முதலில் படம் எடுத்து வையுங்கள். கப்பலேறிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு நாளாவது பிள்ளைகளை நம் ஊர் அருங்காட்சியகத்துக்கும் டச்சுத் தேவாலயத்துக்கும் தர்காவுக்கும் வெளிப்பாளையத்துக்கும் நடத்தியே கூட்டிப்போங்கள். பழைய முற்றத்து வீட்டை இடிக்கப் போகிறவர்களே, இடிக்கும் முன் அதன் அளவையும் படத்தையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு இடியுங்கள். இதற்கெல்லாம் ஆகிற செலவில் பங்கெடுக்க இங்கே இருக்கும் நாங்கள் தயார். இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023-இல் இங்கிருந்து கப்பல் விட்டபோது நம் ஊருக்கு வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். இனியும் வருவார்கள். அவர்களுக்கு ஊரைக் காட்டப்போவது நாமா, வாடகைக்கு எடுத்த வழிகாட்டியா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்க்காரன்