பலகணிகள் திறந்திருக்கட்டும்



இணையப் பக்கங்களைப் பார்க்க நாம் பயன்படுத்தும் குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற மென்பொருளைப் பிரவுசர் என்கிறோம்; தமிழில் உலாவி. உங்கள் பிரவுசரில் இன்னும் ஒரு வசதியைச் சேர்க்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்? இந்தக் கேள்வியை வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். வருகிற பதில்களில் உங்கள் குடும்பத்தின் நிலையும் தெரியவரும்.

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தாய்மார்கள் முதலில் மொழியைக் கேட்பார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்களில் பலர் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள். எழுத்தைக் கண்டால் திகைப்பார்கள். இந்த விருப்பம் பெருமளவு நிறைவேறிவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-ல் தமிழும் 2014-ல் மலையாளமும் சேர்ந்தன. கைபேசியில் குரோமைத் திறந்து, மலையாளப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு மொழிபெயர்ப்பைத் தெரிவு செய்தால், பக்கம் தமிழில் தோன்றும். ஆனால் இயந்திரம் பிழை செய்யும். மருந்து, பணம், பத்திரம் ஆகியவற்றைக் குறித்த செய்தியானால், மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுவதே புத்தி.

தகப்பன்மார் கேட்பது காவல். "என் பிள்ளையின் கண்ணில் கெட்டது படக்கூடாது" என்பதே அவர்களுடைய விண்ணப்பம். இதுவும் புதிதல்ல. பிரவுசிங் சென்டர்களுக்குச் சென்ற காலம் நினைவிருக்கிறதா? கேளாமலே ஆபாச விளம்பரங்கள் திரையில் குதித்தெழும். 2004-ல் வெளிவந்த ஃபயர்பாக்ஸின் முதற்பதிப்பு அவற்றைத் தடுக்கும் வசதியோடு வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டும் தன் பிரவுசரில் அந்த வசதியைச் சேர்த்தது. பயனர்களின் முறையீடு வீண்போகவில்லை.

2023-ல் மத்திய அரசு இந்தியப் பிரவுசர் ஒன்றை உருவாக்குவதற்கான போட்டியை அறிவித்தபோது, இந்திய மொழிகளுக்கான ஆதரவோடு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான உலாவலையும் எதிர்பார்க்கும் வசதிகளில் சேர்த்திருந்தது. 2025-ல் முதற்பரிசு பெற்றது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம். 'உலா' என்ற தமிழ்ப் பெயரோடு 2023-ல் அது வெளியிட்ட பிரவுசரில் பிள்ளைகளுக்கென்றே தனி முறை ஒன்று உண்டு. கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைக் கொண்டும் பிள்ளையின் கைபேசியில் வேண்டாத தளங்களை அடைக்கலாம். பயன்படுத்தும் நேரத்துக்கும் வரம்பு வைக்கலாம்.

இவற்றை வைத்துக்கொள்ளுங்கள், அது ஞானமே. ஆயினும் இந்தக் காவலின் எல்லையையும் அறிந்திருங்கள். தளத்தின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டும், அதிலுள்ள சொற்களையும் படங்களையும் சோதித்தும் இவை வழி மறிக்கின்றன. நேற்றுத் தொடங்கிய தளம் பட்டியலில் இராது. வாட்ஸ்அப்பில் வரும் காணொளியைப் பிரவுசர் காண்பதேயில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசிக்கு நீங்கள் பூட்டுப் போட முடியாது.

இனி மூன்றாவது விண்ணப்பம். வாலிபர்கள் சொல்லத் தயங்கினாலும் மனதில் கேட்பது இதுதான்: "நான் பார்ப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது." தகப்பனோ எல்லாம் தனக்குத் தெரியவேண்டும் என்கிறார், மகனோ ஒன்றும் தெரியக்கூடாது என்கிறான். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே கூரையின் கீழிருந்து எழுகின்றன.

மகன் கேட்டதுபோலத் தோன்றும் வசதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2005-ல் ஆப்பிளின் சஃபாரியிலும் 2008-ல் குரோமிலும் மறைமுக உலாவல் வந்தது. குரோமில் அதற்கு இன்காக்னிடோ என்று பெயர். அதை மூடியவுடன் பார்த்த தளங்களின் வரலாறு அந்தக் கருவியில் நிற்பதில்லை. ஆனால் இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் கண்ணுக்கும், நாம் நுழைந்த தளத்தின் கண்ணுக்கும் அது திரையிடுவதில்லை. டெக்னோபார்க்கில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அறியவேண்டும்: அலுவலக இணைப்பில் நீங்கள் செல்லும் தளங்களை, இன்காக்னிடோவிலும் அலுவலகம் கண்டறிய முடியும். இந்த முறையில் உலாவியவர்களின் தகவலையும் கூகுள் சேகரித்தது என்று 2020-ல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் அந்நிறுவனம் இணங்கியது. மறைவிடம் என்று நம்பியது மறைவிடமாக இருக்கவில்லை.

அந்தரங்கம் பாவமல்ல. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி போதித்தவர் நம் ஆண்டவர்தாமே. பிறருடைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க நேர்ந்தால், உங்கள் விவரங்கள் அதில் தங்காதிருக்க இன்காக்னிடோ நல்ல துணை. மூடிய கதவுக்குப் பின்னே நாம் யாராக இருக்கிறோம் என்பதே கேள்வி.

தானியேலை நினைத்துப் பாருங்கள். அவனும் பிழைக்க வந்த இடத்தில் அல்ல, பிடித்துவரப்பட்ட அந்நிய தேசத்தில் வாழ்ந்தவன். அவனிடம் குற்றம் தேடியவர்கள் அவனுடைய உத்தியோகத்தில் ஒரு குறையையும் காணவில்லை. ராஜகட்டளை பிறந்த பின்பும் அவன் தன் மேலறையின் பலகணிகளை மூடவில்லை. வீட்டுக்குள் ஒரு தானியேல், அரண்மனையில் வேறொரு தானியேல் என்று இருவர் இல்லை.

தகப்பன்மாரே, இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளையின் கைபேசிக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, வீடு உறங்கிய பின் உங்கள் கைபேசியோடு தனித்திருக்கிறீர்களா? உங்கள் கைபேசி மேஜைமேல் கிடக்கையில் மனைவி அதை எடுத்தால் நெஞ்சு படபடக்கிறதா? பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதைவிட நம் கையைக் கவனிக்கிறார்கள். நமக்கில்லாத சட்டம் அவர்களுக்குப் பாரமாகும். நாமும் கீழ்ப்படியும் சட்டம் அவர்களுக்கு அரணாகும்.

ஆகையால் இந்த வாரம் குடும்ப ஜெபத்துக்குப் பின் எல்லாரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்யுங்கள். இரவு பத்து மணிக்குமேல் எல்லாருடைய கைபேசியும், அப்பாவுடையதும்கூட, கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். கணினி சுவரோரம் ஒளியாமல், கூடத்தில் பலர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். தவறான ஒன்றைப் பார்த்துவிட்ட பிள்ளை அடிக்குப் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். வளர்ந்த பிள்ளைகளை வேவு பார்க்காதிருங்கள். பேசுங்கள், அவர்களுக்காகக் கண்ணீரோடு ஜெபியுங்கள்.

நாம் கேட்ட வசதிகள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருக்கின்றன, இன்னும் வரும். தனிமையிலும் உண்மையாயிருக்கும் இருதயத்தையோ எந்த நிறுவனமும் செய்து தராது. அதைக் கர்த்தரிடத்தில்தான் கேட்கவேண்டும். கேட்போம், அவர் தருவார்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பத்தைக் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.