0.05 வேதவாக்கா?

ஆய்வேடு முடியும் வேளையில் நம் மாணவ நண்பர் பலர் ஓர் எண்ணையே தேடித் தவிக்கின்றனர். அதுதான் பி-மதிப்பு. 0.05-க்குக் கீழே வந்தால் கொண்டாட்டம். மேலே போனால் துக்கம்! அந்த எண் சொல்வதுதான் யாது?

1935-இல் ரொனால்டு ஃபிஷர் தம் நூலில் தேநீர்ச் சோதனை ஒன்றை விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல். வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்பே உண்டு, ஏறத்தாழ 0.014. எட்டும் சரியானால் அதுவே பி-மதிப்பு.

“அப்படியானால் அவர் ஊகித்திருக்க 1.4 விழுக்காடே வாய்ப்பு” என்பர் சிலர். தவறு! ஊகமே என்று முதலில் வைத்துக்கொண்டு கணக்கிட்ட எண் அது. மழை பெய்தால் தெரு நனையும்; தெரு நனைந்திருந்தால் மழைதான் என்றாகுமா? தண்ணீர் லாரியும் போயிருக்கலாமே!

பயனற்ற இருபது மருந்துகளைச் சோதித்தால், 0.05 அளவுகோலில் சராசரியாக ஒன்று தற்செயலாகவே தேறிவிடும். அதை மட்டும் அச்சேற்றி மற்றவற்றை மறைத்தால், நம்பி விழுங்கும் நோயாளியின் கதி என்ன?

எல்லைக்கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு கூறலாகாது என அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிவித்தது. தோழர்களே, எத்தனை சோதனை செய்தோம், விளைவு எவ்வளவு பெரிது என்பதையும் எழுதுவோம். 0.06 வந்தாலும் மறைக்காமல் எழுதுவோம். பி-மதிப்பு ஒரு சாட்சி. தீர்ப்பு நம் பொறுப்பு.