மஞ்சள் தோன்றாத ஈரல்நோய்

ஈரல்நோய் என்றவுடன் நம்மவர் கண்ணின் மஞ்சளையே நினைப்பர். அடுத்தபடியாகக் கீழாநெல்லியைத் தேடுவர். நெய்வேலியில் வளர்ந்த நாமும் இவ்வழக்கத்திற்குப் புறம்பானவர் அல்லேம். ஆயினும் ஹெபடைடிஸ் பி என்னும் தொற்று, பச்சைக் குழந்தையைப் பற்றுங்கால் பெரும்பாலும் மஞ்சளைக் காட்டுவதேயில்லை. எங்களூர்ப் பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால், சில வேளைகளில் மேலே சுடர் தோன்றாமலே உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இந்நோயும் அத்தகையதே. பல்லாண்டுகள் கழித்து ஈரல் சுருங்கியோ புற்று வைத்தோ அது வெளிப்படலாம்.

இதன் காரணம் வியப்புக்குரியது. ஈரலைச் சிதைப்பது பெரும்பாலும் கிருமியன்று; அதனை எதிர்க்கும் நம் உடற்காவலரே. டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள், கிருமி புகுந்த ஈரலணுக்களைத் தாக்கி அழிப்பதனால் காமாலை தோன்றுகிறது. வளர்ந்தவருடலில் இப்போர் கடுமையாக நிகழ்ந்து, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் கிருமி ஒழிகிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து அதனைப் பெற்ற சிசுக்களிலோ போர் மூள்வதில்லை. நூற்றுக்கு 90 வரை கிருமி நிலைத்துவிடுகிறது. அதனை இடையறாது எதிர்ப்பட்ட டி அணுக்கள், பி.டி-1 என்னும் புரதத்தைத் தம் புறத்தே மிகுதியாகத் தாங்கி, தாக்கும் ஆற்றல் குன்றுகின்றன. அவை அறவே உறங்குகின்றன என்பது பழைய கொள்கை. இளையோரிடத்தில் அவ்வாற்றல் எஞ்சியிருக்கிறதென 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. ஆதலின் இளமையிலேயே மருந்து தொடங்கலாமா என அறிஞர் வாதிடுகின்றனர்.

கீழாநெல்லியை நாம் பழிக்கவில்லை. சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜனும் அவர்தம் துணைவரும் 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட ஆய்வில், அதனை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தினின்று கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பிற நாடுகளிற் பின்னர் நிகழ்ந்த சோதனைகளில் இப்பயன் கிட்டவில்லை. முற்பகுதியை மட்டும் மேடையிற் போற்றிப் பிற்பகுதியை விழுங்கிவிடுவது தமிழ்ப்பற்று ஆகாதென்பது நம் கருத்து. அன்றியும், மஞ்சளே தோன்றாத பிள்ளைக்குக் கீழாநெல்லியை அரைப்பார் யார்?

எனவே, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துள் இடும் ஊசியே முதன்மையானது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்த பெண்டாவேலண்ட் ஊசி ஆறாம் வாரத்தில்தான் தொடங்குகிறது. தாய்வழி வருங் கிருமி அதுவரை காத்திராது. "பிறந்த அன்றே ஊசியா?" எனத் தடுக்கும் பாட்டிமார் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு எடுத்துரைப்பது மருத்துவர் கடன் மட்டுமன்று. தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கலாம். பாட்டிமார்க்கு விளங்கும் மொழியிற் பேச நம்மினும் தக்கார் எவர்? விடுமுறையில் ஊர் செல்லும்போது, கருவுற்ற தமக்கையிடம் ஹெபடைடிஸ் பி இரத்தச் சோதனை ஆயிற்றா என்று கேட்பதில் நாணமென்ன?